கடன் சொல்லி வாங்கிய வாசனை

எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டியில் சம்பளக்காரர்கள் கிடையாது.
ரொட்டிக் கடைக்காரன், கணக்கு வாத்தியார்,
சால்மன் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.
சங்கு ஊதினால் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள்.
வண்டி பழசு. குழாய் அதைவிடப் பழசு.
போன குளிர்காலத்தில் அழுத்தம் ஏற்றியதும் நடுவில் பிளந்து,
எரிகிற வீட்டை விட்டுவிட்டு
வேடிக்கை பார்க்க வந்தவர்களை நனைத்தது.

அந்த வாரம்தான் நான் கேட்லாக் வாங்கினேன்.
நோல்ஃபா பாரியா, அங்குட், சிலோயே தீவு.
வாசனைத் திரவியம், கை கிரீம், உதட்டுச் சாயம்.
நூறு பெசோவுக்கு விற்றால் முப்பது எனக்கு.
அந்த முப்பதும் உனக்கில்லை என்று எழுதி
சமையலறைக் கதவில் ஒட்டினேன்.
வருகிறவர்கள் படிக்க அல்ல,
நான் படிக்க.

செவ்வாய் மாலை என் வீட்டில் கூட்டம்.
தகரக் கூரையில் மழை கத்தக் கத்த
விறகடுப்பைச் சுற்றி மணிக்கட்டுகள் நீளும்.
நீலப் புட்டிக்குக் 'கடல்' என்று பெயர்.
கடல் எங்கே இப்படி மணக்கிறது என்று
மீன் வெட்டுகிற உபெர்லிந்தா மன்சீயாதான் முதலில் சிரித்தாள்.
அவளேதான் பெரிய புட்டியாக எடுத்தாள்,
கடன் சொல்லி, மூன்று தவணைக்கு.
என் கணவன் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வான்.
அவனுக்கு சூப்பில்கூட மல்லிகை மணக்கிறதாம்.

குழாயை நீளத்தில் விற்கிறார்கள்.
அதனால் எனக்கும் எல்லாம் நீளமாகிவிட்டது.
கை கிரீம் நாலு விரற்கடை.
உதட்டுச் சாயம் அரைச் சாண்.
பெரிய புட்டி நாலு சாண்.
ஊரில் யார் முகத்தைப் பார்த்தாலும்
எத்தனை சாண் தேறும் என்றே மனசு போனது.
வெட்கமாயிருந்தது. அளப்பதை நிறுத்தவில்லை.

ஆகஸ்டில் உபெர்லிந்தாவின் புகைபோக்கி பற்றிக்கொண்டது.
மரச் சுவர், மர ஓடு, வடகாற்று.
ஒட்டுப் போட்ட குழாயோடு வந்தார்கள்.
பக்கத்து வீட்டைக் காப்பாற்றினார்கள்.
புதுக் குழாய்க்குச் சேர்த்த பணத்தில்
இன்னும் ஒன்பது சாண் குறைந்தது.
அதில் மூன்று சாண் அவள் பாக்கி.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் வந்தாள்,
யாரோ கொடுத்த கோட்டில், கை நீளம் போதாமல்.
இருபதாயிரத்தை மேஜையில் வைத்தாள்.
புட்டி வெடித்த சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது என்றாள்.

முழுதும் என் காசாயிருந்தால்
அவள் உட்காருமுன் விட்டிருப்பேன்.
கதவில் இருந்த காகிதம் என்னையே பார்த்தது.
பதினாலாயிரத்தை அவள் பக்கம் தள்ளினேன்;
அது நான் முன்பே கைவிட்டுக் கட்டியது, விட எனக்கு உரிமை உண்டு.
ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டேன்.
வீடு எரிந்தவளிடம்.
எடுக்கும்போது கை நடுங்கியது.
எண்ணிப் பார்த்தும் வாங்கினேன்.

அவள் எதுவும் சொல்லாமல் மணிக்கட்டை நீட்டினாள்.
மாதிரிப் புட்டியில் மிச்சமிருந்த 'கடலை'த் தெளித்தேன்.
கரிப்புகைதான் ஜெயித்தது.

அக்டோபரில் மஞ்சள் குழாய் வந்தது.
தெருவில் உருட்டி விரித்துத் தண்ணீர் விட்டார்கள்.
பித்தளை வாயிலிருந்து மூன்று சாண் அளந்து
அங்கே பூட்ஸால் மிதித்து நின்றாள் உபெர்லிந்தா.
வாத்தியார் கத்தினார்: அம்மா, காலை எடுங்கள்,
தண்ணீர் போக வேண்டும்.