வலைக்கண்

கெர்சோன் நகரின் கிழக்குச் சாலைக்கு
இப்போது வானம் கட்டம் போட்டது.

டென்மார்க்கில் ஏதோ ஒரு துறைமுகம்
வேண்டாமென்று கழித்த வலைகள்
லாரி லாரியாய் வந்தன.
கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி
பதினொரு கிலோமீட்டர்.
வெயில் ஏறினால் மீன் வாடை.
காய்ந்த செதில் உதிர்ந்து
என் வண்டிக் கண்ணாடியில் ஒட்டும்.
ஸோரியானாவின் பூனை
அண்ணாந்து பார்த்தபடியே அலைகிறது.

நான் ரொட்டி ஏற்றிப் போகிறவன்.
ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி.
காற்றில் போகும் படத்தைக் களவாடிக் காட்டும்.
பெரும்பாலும் புள்ளியும் கோடும்.
புள்ளியும் கோடும் என்றால் நிம்மதி.

செவ்வாய்க்கிழமை அதில் ஒரு சாலை தெரிந்தது.
சாலையில் ஒரு வெள்ளை வண்டி.
அதன் கூரையில்
மார்ச் மாதம் நான் போட்ட தார் ஒட்டு, கோணலாய்.
இவ்வளவு கேவலமாகவா ஒட்டினேன் என்றுதான்
முதலில் தோன்றியது.

பிறகு மிதித்தேன்.

ஆற்றுக்கு அக்கரையில் எவனோ
கண்ணை மூடிய கண்ணாடியோடு
இரண்டு கட்டைவிரலையும் குச்சிமேல் வைத்திருக்கிறான்.
அவன் பார்ப்பதை நானும் பார்க்கிறேன்.
நான் வலப்பக்கம் ஒடித்தால்
படம் வலப்பக்கம் ஒடிகிறது.
ஒரே சட்டைக்குள்
இரண்டு பேர் கை நுழைத்ததுபோல்.

வலை தொடங்க நானூறு மீட்டர்.
பின்னால் தட்டுகள் சரிந்தன.
கோணல் ஒட்டு
திரை முழுக்க ஆயிற்று,
ஆணியின் துரு தெரிந்தது,
தலைக்குமேல் நிழல் கட்டங்கட்டமாய் ஓடத் தொடங்கியது

அப்போது படம் நின்றது.

நைலான் முடிச்சு ஒன்று, மிகப் பெரிதாய்.
முடிச்சுக்கு அப்பால்
என் பின்கதவு
சிறுத்துக்கொண்டே போனது.
நான் போவதை நானே பார்த்தேன்.
அதற்கு ஒரு கண்.
வலைக்கு எத்தனை லட்சமோ.

கொஞ்ச நேரம்
அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை போலும்.
நானும் பெட்டியை அணைக்கவில்லை.
காலிச் சாலையை இருவருமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு வெடித்தது.
பிறகு புள்ளியும் கோடும்.

அடுத்து வருபவை
கண்ணாடி நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருமாம்.
காற்றில் படம் போகாதாம், களவாட ஒன்றும் இராதாம்.
கடைத்தெருவில் மெலானியா சொன்னாள்,
நசுங்கிய ரொட்டிகளைத் தனியே எடுத்து
விலை குறைத்தபடி.

நான் பாதிதான் கேட்டேன்.
முப்பத்தொன்றாம் கம்பத்தருகே
ஒரு வண்டி அளவுக்கு ஓட்டை.
வலை கட்டும் உஸ்தீமின் நம்பர்
பிஸியாகவே இருந்தது.
திரும்பும் வழியும்
அந்த வழிதான்.