இரண்டு பிக்சல்

ராத்திரி ஷிப்ட் முடிந்து
அனுப்பர்பாளையத்து அறையில், விரலில் ஒட்டிய பிசிறு நூலோடு
அந்தக் கணக்குச் செயலியின் மூலநிரலை இறக்கினேன்.
'சேமிக்க' என்னும் பொத்தானில்
ககரத்தின் புள்ளி பாதி வெட்டுப்பட்டிருந்தது.
நாளெல்லாம் பனியனில் ஓட்டை தேடும் கண்.
விடவில்லை.

பெட்டியின் உயரத்தில் இரண்டு பிக்சல் கூட்டி அனுப்பினேன்.
திரும்பி வந்தது: காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருக்கிறது.
அனுப்பினேன்.
திரும்பி வந்தது: சோதனை ஓடவில்லை.
சம்பளம் கிடையாது இங்கே,
ரிஜெக்ட் மட்டும் உண்டு.
ஒருநாள் கரண்ட் இல்லை. ஒருநாள் மனசே இல்லை.

யானிஸ் என்று ஒருவர், தமிழ் தெரியாதவர், கேட்டார்:
ஒரு புள்ளிதானே, அவ்வளவு அவசியமா?
இருக்கிற இங்கிலீஷை ஒட்டுப்போட்டு எழுதினேன்:
ஒரு காஜா விட்டுப்போனால்
எங்க ஊரில் பெட்டியே திரும்பி வருமுங்க.
அந்த 'ங்க'வை எப்படி மாற்றுவதென்று தெரியாமல்
தமிழிலேயே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சேர்த்துக்கொண்டார்கள்.
யானிஸின் பதிலில் ஒரே வரி,
கடைசியில் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய
ஒரு 'ங்க'.

அடுத்த மாதம், செக்கிங் மேசையில்
பீஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தமயந்தி
"புதுசா அப்டேட் கேக்குது, போடட்டுங்களாக்கா?" என்றாள்.

போடு என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அவள் கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்குப் போகும்வரை
கையிலிருந்த பனியனை
இரண்டாம் முறையும் திருப்பிப் பார்த்தேன்.