பதினொரு நாளுக்கு முந்தின பிரதி

ரொறன்ரோவில் இருந்து ஒரு மகள் எடுத்தாள்:
"அப்பான்ர படத்தை அமத்தினால்
சூதாட்டக் கடை திறக்குது, தங்கச்சி."

கொக்குவில். இரவு ஒன்பதே கால்.
நானும் அமத்திப் பார்த்தேன்.
மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து
பொற்காசு கொட்டியது.

ஸ்ரான்லி வீதி அச்சகத்தின்
மரண அறிவித்தல் தளம்.
மாதம் நாலாயிரத்துக்கு நான் காவல்.
காவல் என்றால்
செருகிகளைப் புதுப்பிப்போம் என்று நான் சொல்வதும்
"ஓடுறதை ஏன் பிள்ளை கிண்டுவான்" என்று
குணசிங்கம் அண்ணை சொல்வதும்.

வந்த வழி விளக்கேற்றும் செருகி.
ஒரு சொடுக்கில் தீபம் எரியும், கீழே பெயர் எழுதலாம்.
அதைச் செய்தவன் கைவிட்டு மூன்று வருடம்.
அந்தச் சுடருக்குள்ளால் நுழைந்திருக்கிறார்கள்.
வாசலாலும் வந்திருக்கலாம்:
கடவுச்சொல் அண்ணையின் மோட்டார் சைக்கிள் இலக்கம்,
முகப்புப் படத்தில் அச்சகத்துக்கு முன்னால்
வடிவாய்த் தெரிகிறது.

படங்களின் கோப்புறையில் படமல்லாத ஒன்று,
மலர்வளையம் என்று பெயர் வைத்துக்கொண்டு.
அழித்தேன், முளைத்தது.
அழித்தேன், வேறு பெயரில் முளைத்தது.
கோரை. கிழங்கு எங்கேயோ.

மிஞ்சியது பதினொரு நாளுக்கு முந்தின பிரதி.
ஏற்றினால் எல்லாம் சுத்தம்.
ஆனால் அதற்குப் பிறகு செத்த ஒன்பது பேர்
செத்திருக்க மாட்டார்கள்.

ஏற்றினேன்.

மீசாலையைப் பிறப்பிடமாகவும்
பேர்கனை வதிவிடமாகவும் கொண்ட அமிர்தவல்லி
இரவுக் குளிசையைத் தேடிக்கொண்டிருப்பார்.
குருநகர் மரிசலீன்
விடியப் பூசைக்கு அலாரம் வைத்திருப்பார்.
தேத்தண்ணி ஆறும்வரை
அவர்களை அப்படியே விட்டுவைத்தேன்.

பிறகு அச்சடித்த நோட்டீசுகளைப் பார்த்து
ஒவ்வொருவராகத் தட்டினேன்.
அன்னார், அன்னார், அன்னார்.
மூன்றாவதில் மருமகனின் பெயர் பிழை.
ஒரு கிழமையாய்த் திருத்தச் சொல்லிக் கெஞ்சினார்கள்,
இப்போதுதான் கை வந்தது.

எட்டாவது முடியக் கரண்ட் போனது.
ஒன்பதாவது ஆள், சுதுமலை, எழுபத்திரண்டு வயது,
இளைப்பாறிய மின்சார சபை ஊழியர்,
நாலு இருபதுக்கு வெளிச்சம் வரும்வரை
உயிரோடு இருந்தார்.

காலையில் அண்ணை எடுத்தார்:
"விளக்கைக் காணேல்லை பிள்ளை, சனம் கேக்குது."
புதுக் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
பேனை பேப்பரில் உரசுவது கேட்டது.
பிறகு ஒட்டுப்பட்டி கிழிகிற சத்தம்.