பால்மாவு டின்

துக்கத்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள்.
நான்கு நாளாக அடுத்த வீட்டு அடுப்பில்தான்
நம் வீட்டுத் தேநீர் கொதித்தது.
இன்று பனி இறங்கி, சம்பைப் பள்ளத்தாக்கின்
வயலையும் சாலையையும் இல்லாமல் செய்துவிட்ட காலையில்
நான் உலை வைக்கிறேன், சாய்குமி,
உங்கள் அடுப்பில்,
உங்களைக் கேட்காமல்.

இரவெல்லாம் பாடினார்கள். தெரியுமா?
கூடம் கொள்ளாமல் படிக்கட்டிலும் ஆட்கள்.
முரசுக்காரப் பையன் மூன்றாம் பாட்டில் தாளம் தப்பினான்.
எல்லார் கண்ணும் ஒரு நொடி
பெட்டியின் பக்கம் போய் வந்தது,
எழுந்து உட்கார்ந்து திட்டிவிடுவீர்களோ என்று.

மூப்பர் லியன்சுவாலா அரைமணி நேரம் உங்களைப் புகழ்ந்தார்.
ஞாயிறு தவறாதவர், ஏழு பிள்ளைகளை ஜெபத்தில் வளர்த்தவர்.
எல்லாம் உண்மை.
கடைசி மகன் வேறு சபைப் பெண்ணைக் கட்டியபோது
இரண்டு கிறிஸ்துமஸ் முழுக்க
அவன் பெயரை ஜெபத்தில் மட்டும் சொன்னீர்கள்,
முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.
அதை அவர் சொல்லவில்லை.
அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வருடம் மழையில் நனைந்து வந்தீர்கள்.
குழந்தையைத் தூக்கவில்லை. நேரே சமையலறை.
அரிசி மூட்டையைப் பார்த்தீர்கள், பக்கத்தில் பார்த்தீர்கள்.
"டின் எங்கே?"
இல்லை என்றேன்.
மறுவாரம் எங்களை இந்த வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டீர்கள்.
மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க
நானாகவே பழகிக்கொண்டேன்.

காலை ஒரு பிடி, மாலை ஒரு பிடி.
"கழுவுறதுக்கு முன்னால எடு.
கழுவின பிறகு எடுத்தா அது மிச்சம்.
கர்த்தருக்கு மிச்சம் எதுக்கு?"

மூங்கில் பூத்து, எலிகள் மலை மலையாகத் தின்று தீர்த்த வருடம்
அரிசிக்குப் பதில் காட்டுக்கிழங்கு போட்டீர்களாம்.
கிழங்கும் இல்லாத நாளில்
வெறுங்கையை டின்னுக்கு மேல் விரித்துக் காட்டினீர்களாம்.
பிறகு ஊரைக் கொளுத்தி
எல்லாரையும் சாலையோர முகாமுக்கு நடத்திய வருடம்,
முதுகில் ரொகிமா, இடுப்பில் இந்த டின்.
கோழிகளை விட்டுவிட்டு வந்தீர்கள்.
சாகும்வரை வருத்தப்பட்டது
அந்தக் கோழிகளுக்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை. லால்ங்கூரி சாக்கோடு வந்தாள்,
வாரா வாரம் வருகிற மாதிரியே,
செருப்பை வாசலில் நேராக வைத்து.
டின்னைக் கவிழ்த்தாள்.

அரிசி கொட்டியது. பிறகு
ஏதோ கலகலவென்று தரையில் ஓடியது.
மிட்டாய்கள்.
ஆரஞ்சு, மாங்காய், புதினா,
ஒன்று பாதி சப்பி மறுபடி தாளில் சுற்றியது.

எட்டு வருடம் சர்க்கரை டப்பாவைத்
துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தவள் நான்.
விரலில் குத்திப் பார்த்து,
எண் ஏறியிருந்தால் பேரன்களை அதட்டியவள் நான்.
நீங்களோ மூலையில் கண்மூடி ஜெபத்தில்,
கன்னத்தில் ஒரு சிறு மேடு.
பல்வலி என்றீர்கள்.
கர்த்தரின் டின்னை எவள் துழாவப் போகிறாள்?
அந்தக் கணக்கு உங்களுக்கு
எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

லால்ங்கூரிதான் முதலில் சிரித்தாள்.
நான் சிரிக்கத் தொடங்கி
வேறெங்கோ போய் நின்றேன்.
அவள் என் முகத்தைப் பார்க்காமல் அரிசியை நிறுத்தாள்.
ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.
நோட்டில் இன்னும் உங்கள் பெயர்தான்.
பேனாவைத் திறந்தாள், மூடினாள்,
அப்படியே எடை எழுதிக்கொண்டு போனாள்.

அப்புறம்தான் உறைத்தது.
அரிசி கழுவியாகிவிட்டது, உலையிலும் போட்டாகிவிட்டது,
பொங்கி மூடியைத் தள்ளுகிறது.
இன்றைய பிடியை எடுக்கவே இல்லை.

பாதி மிட்டாயை டின்னின் அடியில் போட்டேன்.
மூட்டையை அவிழ்த்து இரண்டு பிடி அள்ளினேன்.
ஒன்று இன்றைக்கு.
இன்னொன்று அபராதம்.