மழைக்காட்டுக்கு ஒரு பட்டியல்

திருத்துறைப்பூண்டியில் கரண்ட் போன ஒரு சனிக்கிழமை
பிரதிக்ஷா அட்லஸை விரித்து
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள்.
எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கீழே கிளம்பிய பென்சில்
அரபிக்கடல் தாண்டி, ஆப்பிரிக்காவைக் குறுக்கே அறுத்து,
அட்லாண்டிக்கில் முனை மழுங்கி,
கோஸ்டாரிகாவில் போய் நின்றது.
"ஒரே கோடுதாம்மா. நேராப் போனா வந்துரும்."

நேராகப் போக வழியில்லை.
நாலு டிக்கெட் விலையில்
ஒரு மா நஞ்சை வாங்கலாம், பத்திரச் செலவு தனி.
இரண்டையும் விசாரித்துப் பார்த்தேன்.
ஏலச்சீட்டு முடிய இன்னும் பதினொரு மாதம்.

நோட்டில் ஆளுக்கொரு பக்கம்.
லிங்கேஷ் கேட்டது
நாளெல்லாம் தலைகீழாய்த் தொங்கும் ஒரு விலங்கு.
வாரம் ஒருமுறைதான் மரத்தைவிட்டு இறங்குமாம்,
அதுவும் கக்கூஸுக்கு.
பிரதிக்ஷாவுக்கு சிவப்புக் கண் தவளை.
எங்கள் பாத்ரூம் தவளையைத்
துடைப்பத்தால் விரட்டுகிற அதே பிரதிக்ஷா.
நான் அரசு ஆஸ்பத்திரி லேப்பில்
கொசு செய்துவைத்த வேலையைக்
கண்ணாடித் தகட்டில் எண்ணுகிறவள்.
என் பக்கத்தில் கொசுவலை என்று எழுதினேன்.
ரொம்ப நேரம் கழித்து, அருவி.

செல்வமுத்துவின் பக்கம் மட்டும் வெள்ளை.
"மழைக்காடுப்பா அது" என்றான் பையன்.
அந்தச் சொல்லின் முதல் பாதியிலேயே
நின்றுவிட்டார் அவர்.
"மழையா? காசு குடுத்தா?"

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
போன தை மாதம் ஐந்து நாள் விடாமல் பெய்ததில்
அடுக்கின் கீழ்வரிசை மூட்டைகள்
சாக்கைக் கிழித்து முளைவிட்டன.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் எடுக்கக் கூடாது.
கூட எடுக்கலாம் என்ற உத்தரவு
வந்துகொண்டே இருந்தது, வரவில்லை.
வரிசையில் நின்றவர்கள்
வானத்தைத் திட்டி அலுத்து இவரைத் திட்டினார்கள்.
விடியலில் வந்து ஈரச் சட்டையோடு உட்கார்ந்தவரிடம்
யாருமே பேசவில்லை.
நெல் புளித்த வாடை போக மூன்று சலவை.

இப்போதும் மாடியில் தூறல் விழுந்தால்
தூக்கத்திலேயே செல்போனைத் துழாவும் அந்தக் கை.

மே மாதம்தான் எங்கள் நால்வருக்கும் தோது.
அங்கே மழை தொடங்குவதும் அப்போதுதான்.
"காஞ்ச மாசமாப் பார்த்துப் போங்க மேடம்,
சேத்துல நடக்க முடியாது" என்றார்
திருவாரூர் டிராவல்ஸ்காரர்.
சேற்றைப் பற்றி, எங்களிடம்.
ஈர மாதமே போடுங்கள் என்றேன்.
காரணம் அவருக்கெதற்கு?
யாரும் தார்ப்பாய் தேடி ஓடாத ஒரு மழையை
என் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்க்கட்டும்.
இலையில் விழுந்து, அந்த இலை இன்னோர் இலையில் கொட்டி,
யார் பேரேட்டிலும் ஏறாமல்
மண்ணுக்குள் போகிற மழை.

ஒத்திகைக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள்
படகில் போய்வந்தோம்.
லிங்கேஷ் இரண்டு முறை வாந்தி.
பட்டியலில் மாத்திரை சேர்ந்தது.
கொக்குகளை எண்ணிய பிரதிக்ஷா
எண்ணூறில் கணக்கை விட்டாள்.
அவர் மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
"அங்க யார் இருக்கா?" என்று கேட்டார்.
"தவளை" என்றாள் பெண்.
எழுதிக்கொள்ளவில்லை அவர்.

நேற்று இரவு நோட்டைப் புரட்டினேன்.
வெள்ளைப் பக்கத்தில்
ரசீது எழுதும் அதே சாய்ந்த எழுத்து,
வரிசை எண் போட்டு, அடிக்கோடிட்டு:

1. குடை – 3

நாங்கள் நாலு பேர்.
கிலோவுக்குக் கிலோ கூட்டல் தப்பாத மனிதர் அவர்.
நான் திருத்தவில்லை.