இரண்டுக்குக் கீழே மட்டும்

முதல் வருஷத் தப்பு என்னுடையது.
துனுப்பா மலைச்சரிவில், ஊயுனி உப்புவெளி
வெள்ளையாய்த் தெரிகிற கினோவா வயல்களில்
நாற்பத்தொரு கம்பம் நட்டோம்.
ஒவ்வொன்றின் தலையிலும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு டப்பா.
உள்ளே இரண்டு பேட்டரி, ஒரு வெப்பமானி, ஒரு குட்டி ரேடியோ.

நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டேன்,
எவ்வளவு? இப்போது எவ்வளவு?
வட்டிக்காரன் வாசலில் நிற்கிற மாதிரி.
நாற்பத்தொன்றும் பதில் சொல்லின,
பக்கத்துப் பெட்டியின் பதிலையும் சுமந்து.

குளிரை அளக்க ஒன்றும் ஆகாது.
யோசிக்கவும் பெரிதாக ஆகாது.
வாயைத் திறந்தால்தான் பேட்டரி இறங்குகிறது.
என் கூரைக்கு அருகே இருந்த நான்கும் முதலில் செத்தன;
ஊர்ப்பேச்சு முழுக்க
அவற்றின் தோள்மேல்தான் வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில், பூ பிடித்த வாரம்,
உறைபனி இறங்கிய இரவு
நான் கேட்டேன்.
பதில் சொல்ல யாரும் மிச்சமில்லை.
காலையில் செனோபியா ஹுவாராச்சி
கறுத்த கதிர் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டு
பேசாமல் போனாள்.
அதுவும் ஓர் அளவீடு.

இப்போது சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி.
இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் சொல்.
உன்னைவிடக் குளிர்ந்தவன் பக்கத்தில் பேசிவிட்டால்
நீ பேசாதே.
வழியில் நிற்பவனே, ஏழு எண் காதில் விழுந்தாலும்
மிகச் சிறியதை மட்டும் மேலே அனுப்பு.
மற்ற நேரம் தூங்கு.

கேள்வி சரிவில் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது.
ஆனாலும் கூரைமேல் ஏறி நின்று பார்ப்பேன்.

பிறகு இரவெல்லாம் மௌனம்.
மௌனம் என்றால் நல்ல செய்தி,
நிரலில் நானே அப்படித்தான் எழுதினேன்.
செத்துப்போன பெட்டியும்
இதே நல்ல செய்தியைத்தான் சொல்லும்.

அதனால் வாரம் ஒரு முறை
‘இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.
ஒவ்வோர் இருக்கிறேனும்
இருப்பில் கொஞ்சம் குறைக்கிறது.

நேற்று பதினேழு சொல்லவில்லை.
செனோபியாவும் நானும் டார்ச்சோடு பள்ளத்துக்கு இறங்கினோம்.
ஆன்டெனாவை லாமா மென்று துப்பியிருந்தது.
வயரை மாட்டிப் பார்த்தேன்.
ஆறு நாள் எண்கள், வரிசை பிசகாமல்,
யாருக்கும் போய்ச் சேராமல்.
கடைசி எண்: ஒன்று புள்ளி மூன்று.

“இது எப்போது?”
“இப்போது.”

மேலே நாற்பதும் அமைதியாக இருந்தன.
குளிர் முதலில் பள்ளத்தில்தான் தேங்கும்;
அவற்றுக்கு இன்னும் சொல்ல ஒன்றுமில்லை.
செனோபியா அதற்குள் குந்தி
வரப்போரம் குவித்திருந்த லாமாச் சாணத்துக்கு
நெருப்பு வைத்துவிட்டாள்.
புகை நிமிரவில்லை. பூக்களின் இடுப்பளவில்
மெதுவாகப் பரவியது.

ஐந்தாவது குவியலைப் பற்றவைக்கும்போது
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
பதினெட்டு. ஒரே ஓர் எண்.
“என்னவாம்?” என்றாள், திரும்பாமல்.
சொன்னேன்.
“தெரிகிறது” என்று
தீக்குச்சிக்குக் கை நீட்டினாள்.