சீ மூன்று

நுவரெலியாவில் ஐந்தாம் சுற்று. எனக்குக் கறுப்பு.
எதிரே அக்குறணை அம்ஜத்,
பதினொரு வயது,
கதிரையில் இருந்தால் கால் தரைக்கு எட்டாது.
அவிழ்ந்த சப்பாத்து நாடா
நான் யோசிக்கும்போதெல்லாம்
மேசைக்காலைத் தட்டுகிறது.

ராஜாவின் காலாள் இரண்டு கட்டம் வந்தது.
நான் சிசிலியன். அதிலும் டிராகன்.
சனி இரவுகளில் கடை மூடி
தராசைத் துடைத்து வைத்தபின்
போன் வெளிச்சத்தில் வளர்த்த மிருகம்.
மூலையில் மந்திரி,
பலகையின் மறுமூலை வரை அதன் மூச்சு.

தற்காப்பு என்பது பெயருக்குத்தான்.
அவன் ஒரு கரையால் வருவான், நான் மறுகரையால்.
முந்திப் போய்ச் சேர்ந்தவர் பிழைப்பார்.

பதினாறாம் நகர்த்தல்.
கண்ணாடி இல்லாத ஜன்னலால் பனி நுழைந்து
மூன்றாம் மேசை வரை வந்து நின்றது.
என் கோட்டைக்கு நேர் எதிரே, சீ மூன்றில்,
அவன் குதிரை.
எடு, என்றது கை.
கோட்டை ஐந்து. குதிரை மூன்று.

ஹட்டன் அடகுக் கடையில் எனக்கு ஒன்பது வருடம்.
நூறு பெறுமதிக்கு அறுபது கொடுப்பதற்குத்தான்
சம்பளம்.
மூக்குத்தியைக் கழற்றுகிறவளின்
முகத்தைப் பார்க்கமாட்டேன்,
திருகைப் பார்ப்பேன்.
ஐந்தைக் கொடுத்து மூன்றை வாங்க
இந்தக் கை படித்ததில்லை.

காலாளொன்றை ஒரு கட்டம் தள்ளிவிட்டு
கடிகாரத்தை அமுக்கினேன்.

நாடா தட்டுவது நின்றது.

பிறகென்ன,
ஓரக் காலாள் வந்தது, ஓரம் திறந்தது,
என் மந்திரியைத் தன் மந்திரியால் மாற்றிக்கொண்டான்,
திறந்த வழியால் ராணி.
இருபத்தேழில் கை கொடுத்தேன்.
அவன் கை நனைந்திருந்தது.
"கோட்டையக் குடுத்துருவீங்கன்னு பயந்துட்டேன் அன்ட்டி"
சொல்லிவிட்டு ரோல்ஸ் வாங்க ஓடினான்
நாடாவை மிதித்து மிதித்து.

ஹட்டன் பஸ். நானுஓயா தாண்டிய வளைவுகள்.
ஆவி படிந்த கண்ணாடியில் கட்டங்கள் கீறினேன்.
கொடுக்கிறேன். காலாளால் எடுக்கிறான்.
அவன் ராஜாவின் கூரைத் தகரம் பிய்ந்து தொங்குகிறது,
என் ராணி வருகிறாள், குதிரை வருகிறது,
அவன் ஓரக் காலாளுக்கோ
இன்னும் இரண்டு எட்டு பாக்கி.
பஸ் குலுங்கியது. விரல் வழுக்கி
ஒரு கட்டம் பெரிதாகிப்போனது.
அதற்குள்ளால் தலவாக்கலை விளக்குகள்.

"அக்கா, எங்க?"

"சீ மூன்று."

அப்படியொரு ஹோல்ட் இல்லையே என்றான்,
யோசித்து
கடைசி ஹோல்டுக்கே
டிக்கெட்டைக் கிழித்தான்.